வலிக்கண்ட

ஞாயிற்றுக்கிழமை பெர்மிட் எனக்கு.
கீழ்ப்பாறை டிவிசனில் ஒரு பொம்பளைக்கு
முதல் சீட்டு இதுதான் போல.
நோட்டில் பெயரெழுதும்போது வாச்சர் சதானந்தன்
இரண்டு தடவை கேட்டார்: சலோமி, அல்லே?
சலோமிதான்.
லயத்துக்குப் பின்னால் கழிவுத்தண்ணி ஓடும் ஈரத்தில்
தோண்டிய மண்புழு
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி.

ஆறு என்று சொல்வது ஒரு பெருமைக்கு.
சோலைக்காட்டிலிருந்து இறங்கும் தண்ணீர்,
கணுக்காலைக் கழற்றி எடுத்துப்போகிற குளிர்,
அதற்குள் டிரவுட்.
வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன்.
எங்களையும் அவன்தான் கொண்டுவந்து விட்டான்.
என்ன, மீனுக்குக் குளிர் பிடிக்கும்.

இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைக் கவ்வினால்
ஏமாந்தது தெரிந்து அந்த நிமிஷமே துப்பிவிடும்.
புழு நிஜம்.
நிஜத்தை யாரும் துப்புவதில்லை.
முதல் தட்டு, மூக்கால் முட்டிப் பார்ப்பது.
இரண்டாவது, உதட்டில்.
அந்த இரண்டாவதிலேயே தூக்கிவிட வேண்டும்.
ஒரு மூச்சு பிந்தினால் நாக்கு.
இன்னொரு மூச்சு என்றால் தொண்டை.
அதனால் தங்கூஸ் எப்போதும் ஆள்காட்டி விரலின் மேல்,
தொய்யவிடாமல்.
கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்.
தண்ணீர் இழுப்பது எது, உயிர் இழுப்பது எது,
அதற்குத் தெரியும்.

தெரியும்தான்.
ஆனால் சிக்னல் கிடைப்பதும்
அந்தப் பாறை மேல் மட்டும்தான்.

கம்பை இரண்டு கல்லுக்கு நடுவே சொருகிவிட்டுப்
போனை எடுத்தேன்.
போடியிலிருந்து புரோக்கர் பொம்மையன்.
அக்கா, மூணு சென்ட், தார் ரோட்டுலேர்ந்து கூப்பிடு தூரம்.
ம்.
ஏப்ரல்ல ரிட்டயர்டு ஆனா லயத்தைக் காலி பண்ணச் சொல்லுவாங்கள்ல.
ம்.
பட்டா இன்னும் பேர் மாத்தலை, அது ஆயிரும்.
ம்.

கம்பு நுனி குனிந்தது. நிமிர்ந்தது.
பிறகு குனிந்தபடியே இருந்தது.

ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு.
சீட்டில் எழுதியிருக்கிற அளவுக்குக் கீழே,
திரும்ப விட வேண்டிய குட்டி.
பக்கவாட்டில் ரோஸ் கோடு, முதுகில்
டஸ்ட் டீயைத் தூவினது மாதிரி புள்ளிகள்.
வாயைத் திறந்து பார்த்தேன். கொக்கியைக் காணோம்.
தங்கூஸ் மட்டும் உள்ளே, உள்ளே போகிறது.
செவுள் ஓரம் ஒரு சொட்டு சிவப்பு.
என் கை தானாகச் சுண்டப் போனது.

அக்கரையிலிருந்து சதானந்தன் கத்தினார்:
வலிக்கண்ட! வலிக்கண்ட!

தமிழ்க் காதில் விழுந்தால்
வலிக்காது என்று யாரோ ஆறுதல் சொல்வது போலிருக்கும்.
முப்பத்தாறு வருஷம் இந்த மலையில் கேட்ட பாஷை.
அவருக்கு வலி என்றால் இழு.
இழுக்காதே என்கிறார்.
இழுத்தால் கொக்கியோடு குடலும் வரும்.

தண்ணீருக்குள் வைத்தபடியே
உதட்டோரத்தில் தங்கூஸை அறுக்கச் சொன்னார்.
கத்தி எட்டாத இடத்தில் இருந்தது.
குனிந்து பல்லால் அறுத்தேன்.
வாயெல்லாம் பாசி ருசி, இரும்பு ருசி.
கொக்கி உள்ளேயே துருப்பிடித்து உதிர்ந்துவிடுமாம், சிலதுக்கு.
சிலதுக்கா?
சிலதினு, என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை.

நனைந்த உள்ளங்கையில், ஓட்டத்தைப் பார்க்க நிறுத்தினேன்.
செவுள் மூடித் திறந்தது. மூடித் திறந்தது.
நான் விடவில்லை, அதுவாகத்தான் போனது,
கல்லடி இருட்டுக்கு,
என் நாலு ரூபாய்க் கொக்கியை விழுங்கிக்கொண்டு.

போன் இன்னும் பாறையில் பேசிக்கொண்டிருந்தது.
அக்கா? லைன்ல இருக்கீங்களா?
மூணு தடவை ம் சொன்னீங்களே,
அந்தத் தைரியத்துல உங்க பேரை எழுதிட்டேன்.
டோக்கன் அட்வான்ஸ் எப்ப வரும்?

புதுக் கொக்கி ஒன்றை எடுத்து
முள்ளைக் குறடால் நசுக்கிக்கொண்டிருந்தேன்,
நசுங்கின பிறகும்.

எதிரே சதானந்தன் நோட்டை முழங்காலில் வைத்து
எழுதுவதைச் சத்தமாகப் படித்தார்:
சலோமி. ஒண்ணு. விட்டு.
கொளுத்து அகத்து.