மும்முனை மின்சாரம்

காவேரிப்பட்டணம் தாண்டி
மூடிக் கிடந்த மாம்பழக்கூழ் ஆலையின் கொட்டகையை
இருவருமாய் வாடகைக்கு எடுத்தோம்.
ஒத்திகைக்கு என்றுதான் நினைத்தேன்.
இரண்டாம் மாதம் ஒரு சூளை வந்து உட்கார்ந்தது,
பீரோ அளவுக்கு.

ஆரோக்கியபுஷ்பம் சாக்ஸபோன்.
நான் பேட்.
கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில்
நாங்கள் வாசிக்காத மண்டபம் ஒன்றோ இரண்டோ.
தெலுங்குப் பாட்டு கேட்பார்கள், கன்னடம் கேட்பார்கள்,
கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

வெள்ளைக் களிமண் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும்.
ஒருமுறை கண்டக்டர் மூட்டைக்கு அரை டிக்கெட் போட்டார்.
"மடியில வெச்சுக்கறேன்" என்றாளாம்.
இருபது கிலோ.

வாசிக்கும் முன் முழங்கை வரை கழுவுவாள்.
அப்படியும் ஒரு துணுக்கு
நகத்தில் ஒளிந்து வந்து
காரிமங்கலம் கல்யாணத்தில்
கீ ஒன்றின் அடியில் காய்ந்துகொண்டது.
பல்லவியின் உச்சியில்
பஞ்சமம் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் மூச்சு.
நான் ஓர் உருட்டு உருட்டி மூடினேன்.
பந்தியில் யாரோ பாயசம் கேட்டார்கள்.
அவ்வளவுதான் நடந்தது.

வேனில் அவள் பேசவில்லை.
மறுநாள் தொடங்கினாள்:
வாய் நிறைய வெற்றிலையோடு ஒருவர்,
நாற்காலியில் தூங்கும் குழந்தை,
செல்போனைத் தூக்கிப் பிடித்த
ஒரு கை மட்டும்.
காது உள்ளவர்களுக்கெல்லாம்
அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

கடைசியில் நான்.
தொப்பை சரி. வழுக்கை சரி.
தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை.
"செல்போனுக்கே ஒரு கை இருக்கு, எனக்கு எங்கம்மா?"
"நீ வாசிக்கிறத நான் எங்க பாத்தேன்,
முன்னாடி நிக்கிறவ.
வேன்ல கையக் கட்டிக்கிட்டுத் தூங்குற."

மும்முனை மின்சாரம் இங்கே
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் நிலையாக நிற்கும்.
நெல்லுக்குப் போகிறது,
வழியில் எங்களுக்கும்.
சுற்றிலும் மோட்டார்கள் இரைய
சூளை சிவக்கும்.
மீட்டரைப் பார்த்தபடி
அடுத்த முகூர்த்தத்தின் அட்வான்ஸை
மனதுக்குள் கழித்துக்கொண்டிருப்பேன்.
ஆயிரத்து இருநூறு டிகிரி.
அப்புறம் ஒரு பகலும் ஓர் இரவும் ஆறவேண்டும்.

திறந்த விடியலில்
டிங்.

மெருகு வெடிக்கிறது, பயப்படாதே என்றாள்.
நீலத்துக்குள் மயிரிழைக் கோடுகள்.
டிங்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
வெற்றிலைக்காரரிடமிருந்து ஒன்று,
குழந்தையிடமிருந்து அதைவிட மெல்லியதாய் இரண்டு.
ஏழாக எண்ணப் பார்த்தேன்,
ஐந்தில் அறுந்தது.
எண்ணாமல் விட்டபோது
ஏழு வந்தமாதிரி இருந்தது.
சத்தியம் செய்யமாட்டேன்.

அவள் ரீடை நாக்கில் நனைத்தபடி நின்றாள்.
ஊதவில்லை.
"பஞ்சமத்துக்கு ஒரு துளி கீழ" என்றாள்,
என்னிடம் இல்லை.

என் போன் அடித்தது.
பர்கூர்ப் பார்ட்டி, ரேட்டைக் குறைக்கச் சொல்வதற்காக.
எடுக்காதே என்று கையைக் காட்டினாள்.
பலகைமேல் நான்
கையில்லாமல், இன்னும் சூடாய்,
இடது தோளில்
டிங்.