அழிறப்பர்

மாநகரசபையின் படத்தில்
எங்கள் தோட்டம் ஒரு சாம்பல் கட்டம்.
தெமட்டகொடைக் கால்வாய் இருக்கிறது,
ரயில் பாதை இருக்கிறது,
எண்ணெய்க் குழாய்கூட மெல்லிய கோடாய் ஓடுகிறது.
நூற்றுப் பதினெட்டு வீடுகள் மட்டும் இல்லை.
இல்லாத வீட்டுக்குக்
குப்பை லொறி எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமை அளக்கப் புறப்பட்டோம்.
நானும் ஷிஃபானியாவும் ஓட்டோ நிலந்தவும்.
ஷிஃபானியாவின் தையல் நாடா ஒன்றரை மீற்றர்.
பதினேழு தரம் நிலத்தில் வைத்தால் ஒரு முடுக்கு.
அகலம்:
ஒரு சைக்கிளும், அதைத் தள்ளுகிறவரின்
ஒரு தோளும்.

பைப்புக்குப் பச்சை. கானுக்கு நீலம்.
குப்பைக்குச் சிவப்பு என்றதும்
கதவுகள் திறந்தன.

"என்ட வாசல்ல இல்ல, அது அடுத்த வாசல்."
அடுத்த வாசல், "காத்து கொண்டு வாறது" என்றது.
"ராவில மேல் ரோட்டு ஆக்கள் வந்து வீசுறாங்க."
"மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை வாறாங்க,
புள்ளியைக் கொஞ்சம்
தள்ளி வைங்க பிள்ள."

தள்ளினோம்.
214/38 இலிருந்து 214/52க்கு,
அங்கிருந்து லயத்துக் கக்கூஸ் சுவருக்கு,
அங்கிருந்தும் ஆட்சேபம்.
அழித்து அழித்துத் தாள் நைந்து
கடைசியில் ஓர் ஓட்டை விழுந்தது,
கால்வாய்ப் படிக்கட்டில்,
மிகச் சரியாக
இளநீர்க் கோம்பையும் பெம்பர்ஸும் லஞ்ச் சீற்றும்
கால் ஒடிந்த பிளாஸ்ரிக் கதிரையும்
குவிந்து கிடக்கிற இடத்தில்.

நான் ஒன்றும் பேசவில்லை.
இரவு வேலை முடிந்து வருகிற எனக்கு
மேல் ரோட்டு லொறியின் ஹோர்ன் கேட்காது.
செவ்வாய் தோறும் கறுப்புப் பை,
இருட்டு,
தண்ணீரில் ஒரு 'தொப்'.
வைகாசி வெள்ளத்தில் அது திரும்பி வந்தது,
என் கட்டில் காலடிக்கு.
இரட்டை முடிச்சு, இடப்பக்கம் ஒரு காது.
என் கைமுடிச்சு எனக்குத் தெரியாதா?

ஓட்டையின் ஓரத்தில் சிவப்பால் எழுதினேன்:
214/71.

"அப்ப என்னத்துக்கு அளக்க வந்தீங்க?" என்றது
ஒரு ஜன்னல்.
ஷிஃபானியா நாடாவைச் சுருட்டினாள்.
வேறு யாரும் பென்சிலைக் கேட்கவில்லை.

கந்தோரில் ஐயா படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண்
எங்களைப் பார்த்தது.
"இந்த முடுக்குக்குப் பெயர் என்ன?"
பெயர் வைக்க
ஒருவருக்கும் தோன்றவில்லையே.

வியாழன் காலை லொறி வந்தது.
வந்தது,
திரும்ப இடமில்லை.
அதை நாங்கள் அளக்கவில்லை.
நிலந்த பின்னால் நின்று "ஹரி, ஹரி" என்று கத்த
லொறி பின்பக்கமாகவே போகிறது,
பைகளோடு நாங்கள் அதன் முகத்தைப் பார்த்தபடி
ஓடுகிறோம்,
எவருடைய வாசல் என்று கேளாமல்,
ஒரு கால் செருப்பைக்
கானில் விட்டுவிட்டு.