இன்று ரொக்கம்

கன்னியா தாண்டிப் பாலைக் காட்டுக்குள்
நாய்க்குப் பின்னால் போனேன்.
அதுதான் முதலில் குரைத்தது.
இரண்டு மரங்களுக்கு நடுவே
முழங்கால் மடித்துக் குந்தியிருந்தான்
பனையளவு ஆள்.

விலா எல்லாம் உடைந்த வள்ளத்தின் வங்கு.
தொடை, சீனன்குடாவில் கழற்றிய சிலிப்பர் கட்டை;
ஆணித் துளைகளில் எறும்பு.
விரல்கள் மீன்பெட்டிச் சட்டம்,
ஒன்றில் இன்னும் செதில் மினுங்கியது.

யார் செய்தது?
சுற்றி நடந்தேன். முதுகில்
நீலப் பெயின்ற் உரிந்த பலகை:
'இன்று ரொக்கம், நாளை கடன்.'

உதுமாலெவ்வையின் கடை!
வெள்ளத்தோடு போனது என்றார்கள்.
முந்நூற்று நாற்பது ரூபாய்
கொடுக்காமல் விட்டவன் நான்.

நாய் காலைத் தூக்கி
அவன் குதிகாலை நனைத்தது.
திரும்பி வருகையில்
கடையைத் தாண்டும் அதே நடையில்
குனிந்தபடி
அவன் முன்னால் நழுவினேன்.