எடைக்காரி

முழு மயக்கம் வேண்டாமென்றார் டாக்டர் செங்கோடன்.
என் குறட்டை டவுன் ஸ்டேஷன் வரை கேட்டதாகப்
பக்கத்துப் படுக்கைக்காரி சாட்சி சொல்லியிருந்தாள்.
தூக்கத்தில் மூச்சு நிற்கிறதாம்,
மணிக்கு முப்பது தடவை.
'முதுகில் ஊசி போடலாம். விழித்திருப்பீர்கள். சம்மதமா?'
இருபத்தாறு வருஷமாகச் செவ்வாய்ப்பேட்டையில்
வெள்ளி எடை போடுகிறவள்.
தராசின் முன் கண்ணை மூடியதில்லை.
சரி என்றேன்.
மெட்டியைக் கழற்றி வாங்கிய ரசீதில் எடை இல்லை;
நானே எழுதிக் கொடுத்தேன்.

குனிந்து உட்காரச் சொன்னார்.
எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை.
'இருக்கு சார், உள்ளே எங்கேயோ.'
யாரும் சிரிக்கவில்லை, அவர் மட்டும், கொஞ்சம்.
மூன்றாவது குத்தில் வழி கிடைத்தது.

பிறகு கால்கள் கணக்கிலிருந்து போயின.
நூற்றுப் பதினெட்டு கிலோவை
மாடிப்படி ஏற்றி இறக்கியவை
யாருடையவோ போலக் கிடந்தன.
ஸ்பிரிட் பஞ்சை மேலே மேலே வைத்து
'குளிருதா?' 'இல்லை.' 'இங்கே?' 'இல்லை.'
நெஞ்சருகே 'குளிருது' என்றேன்.
எல்லைக்கல் நட்டவர்போலத் தலையாட்டினார்.

வெட்டியது வயிற்றை,
வலித்தது வலது தோள்.
காற்றடைத்தால் அப்படித்தான் என்று
தோளைப் பிடித்தபடியே நின்றாள் நர்ஸ் ஜெபசீலி.
உள்ளே யாரோ பாத்திரம் நகர்த்துவது போலிருந்தது.
ஒருமுறை பயந்தேன்.
சாமியை அல்ல, கல்லாச் சாவியை நினைத்தேன்.

எடுத்த துண்டைப் பார்க்கணும் என்றேன்.
திரைக்கு மேலே தட்டு உயர்ந்தது.
'எவ்வளவு இருக்கும்?' என்றது ஒரு குரல்,
என்னைக் கேட்கவில்லைதான்.

'நூற்றிருபது கிராம்.
கல்யாணக் கொலுசு ஒரு ஜோடி,
சேதாரம் சேர்க்காமல்.'