வெறும் வயிறு

சோஹார் ஆஸ்பத்திரி தந்த தாளில்
அரபி ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம்.
நடுவே, வாய்மேல் கோடு விழுந்த பிள்ளைப் படம்.
நைட் டூட்டியிலிருந்து மனைவி கேட்டாள்:
"தண்ணிகூடவா?"
ஆறு மணிக்குமேல் தண்ணிகூட.

விடியுமுன்னே
ஃபிரிட்ஜ் கதவுக்கு டேப் ஒட்டினேன்.
ஜெர்ஷா பார்க்க
எச்சில் விழுங்கவும் கூச்சமாயிருந்தது.

வரவேற்பில் காவா ஊற்றிக்கொண்டிருந்தார்
திஷ்தாஷா போட்ட ஒருவர்.
நான் இன்சூரன்ஸ் அட்டையைத் தேடினேன்,
அவ்வளவுதான்.

எட்டேகாலுக்கு நர்ஸ் கேட்டாள்,
தாளில் இருந்த அதே வரிசையில்:
காய்ச்சல்? ஆடுகிற பல்? கடைசியாய்ச் சாப்பிட்டது?
"நேத்து ராத்திரி இட்லி" என்றேன்.
"ஒரு பேரீச்சம்பழம்" என்றாள் ஜெர்ஷா.
விரித்த உள்ளங்கையில்
ஈரம் காயாத கொட்டை.

டான்சில் ஆபரேஷன்
அடுத்த செவ்வாய்க்குப் போயிற்று.
ஃபோர்மேனிடம் இன்னொரு லீவு கேட்கணும்.
கோபம் வந்தது,
யார்மேல் என்று பிடிபடவில்லை.
நர்ஸ்தான் குனிந்து
பெரிய மனுஷிக்குச் சொல்வதுபோல்
அவளுக்கு நன்றி சொன்னாள்,
"மயக்க மருந்தில் வாந்தி நெஞ்சுக்குள் போகும்" என்று
எனக்கு மெல்ல.

கேன்டீனில் ஒரு லபன்.
அவள் பாதி, நான் பாதி.
தாளின் ஓரத்தில்
தமிழில் எழுதிவைத்தேன்:
யார் அன்பாய்க் கொடுத்தாலும்.