விலைப்புள்ளி எண் 214

இருபதாவது கொண்டை ஊசியில்
காது அடைத்துத் திறந்தது.
பங்களா வாசல் வரை பனி,
உள்ளே சுவர் முழுக்க இலை.

"எல்லாமே கைவேலை" என்றார் கிறிஸ்டபெல் மேடம்.
கொடி, மாதுளை, பெயர் தெரியாத ஒரு குருவி:
மரக்கட்டையில் மைதொட்டு அச்சிட்டு
கப்பலில் சுருட்டி வந்த தோட்டம்.
ஜன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக்கைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தது மிளகு.
அதை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

நான் வந்தது கணப்பின் மேலிருக்கும் பலகைக்கு.
வலப்பாதி கரையானுக்குப் போய்விட்டது.
மேடம் முழு வாசகத்தையும் சொன்னார்:
உழைப்பில் உவகை. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.
தொட்டுப் பார்த்தேன். ஓர் ஆணி கிடையாது.
மர முளைகள் வெளியே தெரிகிறபடி,
பூசாமல், மறைக்காமல்.
அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது கொள்கையாம்:
மூட்டு தன்னை ஒளித்துக்கொள்ளக் கூடாது,
இயந்திரம் பொய் சொல்லும், கை சொல்லாது.

தலையாட்டினேன்.
மணியனூரில் என் பட்டறையில்
தவணையில் ஓடுகிறது ஒரு ரவுட்டர்.
இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை.
பிட் தேய்ந்தால் கத்தும், அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுக்கையில் கண்ணில் பட்டது.
ஐந்தாவது எழுத்து இடவலம் மாறிக் கிடந்தது,
கண்ணாடிக்குள் நிற்பதுபோல.
ஓரத்துத் திராட்சை இலைகளும்
மூன்றாவதற்கு மேல் திராட்சையாக இல்லை.
நுனி நீண்டு, நரம்பு வளைந்து
மிளகாகிவிட்டிருந்தன.
முதல் இரண்டும் படத்தைப் பார்த்து,
மற்றதெல்லாம் ஜன்னலைப் பார்த்து.

"சரிசெய்யவா?" என்றது மென்பொருள்.
"அய்யோ, அந்தப் பிழைதானே அழகு!" என்றார் மேடம்.
"முடிஞ்சா கொஞ்சம் உளித்தடமும் வேணும்."

காப்பி வரும்வரை கூடத்தில் நின்றேன்.
கண்ணாடிச் சட்டத்துக்குள் அலங்காரமாய்
எஸ்டேட் கணக்கின் ஒரு பக்கம். மார்ச், 1911.
தச்சன் சடையாண்டி:
மூன்று வரியில் மூன்று விதமாய் எழுதிய பெயர்,
மூன்று ஆள் என்றே நினைக்கத் தோன்றும்.
நாளுக்கு ஆறணா. பதினேழு நாள்.
அதன் கீழே சிவப்பு மையில்:
எழுத்துப் பிழை. ஒரு நாள் பிடித்தம்.

காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

இறங்கும்போது தூரத்தில்
மேக்னசைட் தோண்டிய குன்றுகள் வெள்ளையாய்த் தெரிந்தன.
பட்டறையில் ஜாபர் கேட்டான்:
"உளித்தடம் வரிசையாவா, தாறுமாறாவா?"
தாறுமாறா.
"அப்போ மிஷின் ரெண்டு மணி நேரம் கூட ஓடணும்க்கா."
ஒழுங்காக இருந்தால் மலிவு.
கை போலத் தடுமாற
மணிக்கு எழுநூறு ரூபாய்.

இரவு விலைப்புள்ளி தட்டினேன்.
தேக்கு, இரண்டே முக்கால் கன அடி.
ரவுட்டர் நேரம். தடுமாற்றம், தனியாக.
மிளகிலை பதினொன்று, திராட்சை இரண்டு.
தேன்மெழுகுப் பூச்சு. ஏற்றிச் செல்லும் வண்டி.
ஏழாவதாக,
இடவலம் மாறிய எழுத்து ஒன்று: ஒரு நாள் தச்சுக்கூலி,
இன்றைய சேலம் விலையில் ஆயிரத்து இருநூறு.

காலையில் போன் வந்தது.
"எல்லாம் சரி. அந்த ஏழாவது எதுக்குங்க?"
பழைய பாக்கி, என்றேன்.
உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அந்தக் கணக்கில்.

மறுமுனையில் தகரத்தின் மேல் மழை.
அவர் எழுந்து நடப்பது கேட்டது,
சுவர் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.
வெகுநேரம் கழித்து,
"அதுக்கும் ஜிஎஸ்டி உண்டா?" என்றார்.