ஒன்றரைக் கட்டை கீழே

கச்சேரி முடிந்து ஒரு மணி நேரம்.
மான்டிவீடியோவில் எதிரே கிடப்பதை
வரைபடம் ஆறு என்கிறது,
நாங்கள் கடல் என்போம்.
அந்தக் காற்றில் நின்றுகொண்டு
நூற்று இருபத்தொன்றாம் பேருந்துக்காக
ஐந்து பேர்.

வெந்நீர் ஃப்ளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கியபடி
நிபியா தீர்ப்பு வாசித்தாள்:
"ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டாள்.
உச்சம் வரும் இடத்தில்
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டாள்,
வாசலில் கடன்காரன் வந்தால்
பிள்ளையை அனுப்பிப் பேசச் சொல்வதுபோல."

வில்மார் விடவில்லை.
"நாற்பத்தொன்று ஆகிறது டெல்பினாவுக்கு.
உன் முழங்கால் மட்டும் பழைய முழங்காலா?"

"முழங்காலுக்கு நான் டிக்கெட் விற்கவில்லையே."

யாமிலாவுக்குப் பத்தொன்பது. கண்ணோரம் வெள்ளி ஜிகினா.
"கிதார் காலத்துப் பாட்டெல்லாம்
நான் பிறகு தேடிக் கேட்டதுதான்.
நல்லாத்தான் இருக்கு, ஈரத்துணி மாதிரி.
எனக்கு இந்த சிந்தசைசர்தான் டெல்பினா.
பன்னிரண்டு வயசில், பள்ளிக் கழிவறையில்,
ஒரே ஹெட்போன், ஆளுக்கு ஒரு காது..."
முடிக்கவில்லை.
இன்னொரு காது யாருடையது என்று
நாங்களும் கேட்கவில்லை.

மாத்தே நிறைந்த சுரைக்குடுக்கை கைமாறியது.
வாங்கும்போது நன்றி சொல்லக் கூடாது.
சொன்னால் போதும் என்று பொருள்,
அடுத்த சுற்று நமக்குக் கிடையாது.

அப்போதுதான் ஒராசியோ
வழக்கமான துருப்புச்சீட்டை இறக்கினான்.
"பைசாண்டூ. இரண்டாயிரத்து எட்டு.
கூடைப்பந்துக் கூடம், நானூறு நாற்காலி,
தகரக் கூரையில் மழை.
அன்றைக்குக் கேட்டவன்
இன்றைக்கு வாய் திறக்க மாட்டான்."

கதை எங்களுக்கு மனப்பாடம்.
அந்த இரவின் ஒலிப்பதிவு எல்லோரிடமும் உண்டு.
மூன்றாம் சரணத்தில், உச்சிக்குச் சற்று முன்,
யாரோ இருமுவார்கள்.
"அது நான்தான்" என்பான் ஒராசியோ.
அந்த இருமலுக்காகவே
புதிதாக வருகிறவர்கள்
அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

நிபியா குடுக்கையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்,
தலை நிமிரவில்லை:
"அந்த வருஷம் நீ பார்சலோனாவில்
தட்டு கழுவிக்கொண்டிருந்தாய்.
உன் தங்கை சொன்னாள்."

கடல், அல்லது ஆறு,
கரையை இரண்டு தடவை அடித்தது.

"ஒரே அறையில் எட்டுப் பேர்" என்றான் ஒராசியோ.
"போர்வைக்குள் வைத்துக் கேட்பேன்.
கைத்தட்டல் எல்லாம் ஏற்கெனவே
யார் யாருடையதோ.
அந்த இருமலில்தான்
ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது."

வில்மார் ஒரு சிகரெட்டை எடுத்து
அவனிடம் நீட்டினான். பற்றவைக்கக் காற்று விடவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் வரிசை, சுவரோரம்.
நெஞ்சுச் சளி. கழுத்துத் துண்டைக் கடித்து
இரண்டு பாட்டு முழுக்க அடக்கிவைத்தேன்.
மூன்றாவதில் முடியவில்லை.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
அதே மூச்சில் மேலே ஏறிய குரல்
நுனியில் இரண்டாகப் பிளந்தது.

அதைத்தான் நிபியா ஆன்மா என்கிறாள்.
பிசிறு என்பான் வில்மார்.
அதற்குப் பிறகு அந்த உயரத்துக்கு
அவள் ஏறிய பதிவு எதுவும் என் கையில் சிக்கியதில்லை.
கிதாரை விட்டாள், நடனக்காரர்கள் வந்தார்கள்.
இன்றைக்கும் அந்த இடம் வந்தபோது,
பள்ளம் எங்கே என்று தெரிந்த சைக்கிள்காரிபோல
லேசாக ஒதுங்கிப் போனாள்.
ஒருவேளை வெறும் வயதாக இருக்கலாம்.
சம்பளத்துக்கு வாங்கிய புது இசையமைப்பாளராக இருக்கலாம்.

"அப்போ அந்த இருமல் யாருது?"
என்று கேட்டாள் யாமிலா, எல்லோரையும் பார்த்து.

குடுக்கை என்னிடம் வந்திருந்தது.
தொண்டை வறண்டிருந்தது, குடித்திருக்கலாம்.
"நன்றி" என்றேன்.
நிபியா ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு
வாங்கிக்கொண்டாள்.

பேருந்தில் ஏறியதும்
அந்த வெள்ளி பூட்ஸைப் பற்றி ஆரம்பித்தார்கள்.